ஊழிவெள்ளமும் பெருவெடிப்பும்: விருதுநகர் மாவட்ட மரபுகளை முன்வைத்து

விருதுநகர் மாவட்டத்தில் ஊழிவெள்ளத்தைப் பேசும் கோயில்கள் இரண்டு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெருமாளின் பெயரே வடபத்ரசாயி: உலகம் நீரில் மூழ்கியபோது ஆலிலைமேல் குழந்தையாய்க் கிடந்தவர். திருச்சுழியில் திருமேனிநாதர் சூலத்தால் நிலத்தைத் துளைத்து, பெருகி வந்த வெள்ளத்தைச் சுழித்து உள்ளிறங்கச் செய்தார் என்கிறது தலபுராணம். ஊர்ப்பெயருக்கும் அதையே காரணமாகச் சொல்வர். இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்டது பட்டாசு ஊரான சிவகாசி.

இக்கதைகளைப் பெருவெடிப்புக் கொள்கையோடு பொருத்தி, நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பொருத்தம் கதையையும் சிதைக்கிறது, அறிவியலையும் சிதைக்கிறது என்பது என் வாதம்.

இரு கதைகளிலும் உலகம் புதிதாகப் பிறக்கவில்லை. ஆலிலைக் குழந்தையின் வயிற்றுக்குள் மார்க்கண்டேயர் எல்லா உலகங்களையும் கண்டார் என்பது புராணம். அவை அழியவில்லை, ஒடுங்கியிருந்தன. திருச்சுழியிலோ ஊர் வெள்ளத்துக்குத் தப்புகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவில் ஒடுக்கம் பற்றிய இந்த எண்ணத்தைத் தருக்கமாக்கினார்: உலகம் எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே மீண்டும் தோன்றுகிறது. பதி (இறை), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றுமே அநாதி, இல்லது தோன்றாது. ஆகவே 'முதல் நொடி' என்ற கேள்விக்கு இம்மரபில் இடமே இல்லை. 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமணர், படைப்பைப் பற்றிக் கேட்டவர்களிடம், கேட்பவர் யாரென்று முதலில் பாருங்கள் என்றார்.

அறிவியல் பக்கத்தில் தடுமாற்றம் சொல்லிலேயே தொடங்குகிறது. 1949இல் பிபிசி வானொலி உரையில் 'பிக் பேங்' என்ற பெயரைச் சூட்டிய ஃபிரெட் ஹாயில், கொள்கையை ஏற்காதவர். அவர் சொல்லைத்தான் 'பெருவெடிப்பு' என்று நாம் தமிழாக்கினோம். வெடி என்றால் என்னவென்று சிவகாசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்தை அடைக்கக் காகிதக் குழல் வேண்டும், பற்றவைக்கத் திரி வேண்டும், சிதறுவதற்கு முன்பே வெளியில் இடம் இருக்க வேண்டும். வெடித்த இடம் இதுவென்று கைகாட்டவும் முடியும். 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதில் இவை எதுவும் இல்லை. அப்போது விரிந்தது இடம்தான். அதற்கு நடுப்புள்ளி கிடையாது. 1965இல் பென்சியாஸும் வில்சனும் அறிவித்த, அத்தொடக்கத்தின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சு, வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்துகொண்டிருக்கிறது.

முதல் சில நிமிடங்களில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், சிறிதளவு லித்தியம் ஆகியவற்றின் அணுக்கருக்கள் மட்டுமே. மத்தாப்பில் சிவப்பு தரும் ஸ்ட்ரான்ஷியமும் பச்சை தரும் பேரியமும் அப்போது இல்லை. பின்னர் விண்மீன்களில் விளைந்தவை அவை. 2017இல் காணப்பட்ட இரு நியூட்ரான் விண்மீன்களின் மோதலில் ஸ்ட்ரான்ஷியத்தின் தடம் இருந்ததை 2019இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வானியல் கற்பிக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

விரியும் அண்டத்தை 1927இல் முன்வைத்த லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது லெமெய்த்ர் மகிழவில்லை. கொள்கை சமயத்துக்கு ஆதரவுமல்ல, எதிர்ப்புமல்ல என்பது அவர் நிலை. வெப்பமும் அடர்த்தியும் மிகுந்த அந்தத் தொடக்கநிலை எதனால் வந்தது என்பதற்கு இன்றும் உறுதியான விடை இல்லை. அந்த வெற்றிடத்தில் ஆலிலையை வைப்பதும் தவறு, ஆலிலையைப் பொய்யென்று எறிவதும் தவறு.

2012இல் நேர்ந்த முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தை மறக்காத ஊர்களில் 'வெடிப்பு' என்றால் அழிவு என்றே பிள்ளைகள் காதில் விழும். இங்குள்ள ஆசிரியர்களாவது வகுப்பில் 'பெருவிரிவு' என்று சொல்லத் தொடங்கட்டும்.