பிரித்துப் பூட்டும் கலை



அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் நகரை 1701-ஆம் ஆண்டில் நிறுவியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அந்துவான் தெ லா மோத் காடியாக் என்பது அவர் பெயர். ஏறக்குறைய அதே காலத்தில்தான், டச்சுக்காரரிடமிருந்து 1699-இல் மீண்ட புதுச்சேரியைப் பிரான்சுவா மார்த்தேன் புதுக்கி எழுப்பிக்கொண்டிருந்தார். இருவரும் பதினான்காம் லூயி மன்னனின் குடிகள். இருநூறு ஆண்டுகள் சென்றபின், 1902-இல் டெட்ராய்ட்டில் தோன்றிய ஒரு மோட்டார்க் கம்பெனி, நகரத்தை நிறுவியவரின் பெயரைத் தன் வண்டிக்குச் சூட்டிக்கொண்டது. அமெரிக்கர் நாவில் அப்பெயர் 'கேடில்லாக்' என்று ஆயிற்று. நம் நாட்டுப்புறத்துப் பெரியோர் எந்தக் காரையும் 'பிளஷர்' என்று சொல்வதுண்டு. அச்சொல்லுக்கு முழு உரிமை பெற்ற வண்டி ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆடம்பரத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. இத்தகைய கார் ஒன்றைத் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பிரித்துச் செப்பனிடலாம் என்னும் துணிவு மனிதனுக்கு எங்கிருந்து வந்தது என்பதே நம் பேச்சு.

மோட்டார் வண்டி தோன்றிய முதற் காலத்தில், ஒரு காரின் உறுப்பை எடுத்து அதே வகையைச் சேர்ந்த மற்றொரு காரில் பூட்ட இயலாது. ஒவ்வோர் உறுப்பையும் தொழிலாளி அரத்தால் ராவி, பார்த்துப் பார்த்துப் பொருத்துவான். அவன் கைத்திறன் உயர்ந்ததுதான்; ஐயமில்லை. ஆனால் ஓர் உறுப்பு ஒடிந்தால் அவனைப் போன்ற இன்னொருவனைத் தேட வேண்டும். கேடில்லாக் கம்பெனியை நடத்திய ஹென்றி லீலண்ட் துப்பாக்கித் தொழிற்சாலைகளில் பயின்றவர். போர்க்களத்தில் ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தியாக வேண்டுமன்றோ? அந்த நெறியை அவர் காருக்குக் கொண்டுவந்தார்.

அதை உலகம் நம்பவில்லை. ஆகவே 1908-இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பில் மூன்று கேடில்லாக் கார்கள் பிப்ரவரி 29 அன்று புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்திற்கு ஓட்டிச் செல்லப்பட்டன. அங்கே மூன்றையும் ஆணி ஆணியாகக் கழற்றினர். ஒவ்வொன்றிலும் 721 உறுப்புகள். அவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து குவித்தனர். அதோடு விடவில்லை, குவியலிலிருந்து 89 உறுப்புகளை எடுத்து ஒதுக்கிவிட்டு, விற்பனையாளரின் கிடங்கிலிருந்து புதியவற்றை அவ்விடத்தில் இட்டனர். பின்னர் ஸ்பேனரும் திருப்புளியும் மட்டுமே கொண்டு மூன்று கார்களையும் பூட்டவேண்டும், அரத்தைத் தொடக்கூடாது. பூட்டினார்கள். பூட்டிய கார்கள் 500 மைல் ஓடின. அவ்வெற்றிக்காகக் கேடில்லாக் கம்பெனிக்குத் தேவார் கோப்பை வழங்கப்பட்டது.

இச்செய்தியில் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரம் வேண்டாதவாறு செய்தது அந்த ஒழுங்கு. ஆனால் அது கிடங்கை நம்பி நிற்பது. கிடங்கு மூடப்பட்டால் என்ன ஆகும்? அதற்கு விடையை நம் நாட்டு வரலாறு தருகிறது.

இந்தியாவில் போர்டு கம்பெனி 1926-இலும், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இலும் தொழில் தொடங்கின. உறுப்புகள் கப்பலில் வந்தன. இங்கே கார்களாகப் பூட்டப்பட்டன. அக்காலத்தில் பிரித்துப் பூட்டும் ஆசை நம்மவர் சிலரையும் பற்றிக்கொண்டது. கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, வெள்ளை அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் ஊழியம் செய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்றார் என்பது பலரும் அறிந்தது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அவர் விட்ட ஒரே பஸ், பின்னர்ப் பெரியதொரு போக்குவரத்து நிறுவனமாயிற்று. அவர் பெயரால் கோவையில் 2015 முதல் கார்க் காட்சியகம் ஒன்று உள்ளது. வாய்ப்புள்ள மாணவர்கள் சென்று காண்பார்களாக.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. கார்களின் பின்புறத்தில் அடுப்புக் கரியை எரித்து வாயு உண்டாக்கும் உருளைகள் ஏறின; சென்னைச் சிம்ப்சன் நிறுவனம் அவற்றைச் செய்து தந்தது. அரசகுமாரி போன்ற வண்டி முதுகில் கரி அடுப்பைச் சுமந்து சென்ற காட்சியை நினைத்துப் பாருங்கள்!

பெரும் மாற்றம் அதற்குப் பின்னரே வந்தது. வெறுமனே பூட்டி விற்பவர்க்கு இனி இடமில்லை, இங்கேயே உறுப்புகளை உற்பத்தி செய்வோர்க்கே இடம் என்று இந்திய அரசு 1953-இல் முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் தன் தொழிற்சாலையை மூடியது. அதே 1954-இன் அக்டோபர் 18 அன்று, வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் 1 முதல் புதுவையின் ஆட்சி இந்திய அரசின் கைக்கு வந்தது. விடுதலையின் பெருமைக்கு முன் காரின் கதை சிறிது. எனினும் இறக்குமதிக் கட்டுப்பாடு புதுவைக்கும் பொருந்தியது என்பதை மறக்கலாகாது.

கிடங்கு மூடியது, அரம் திரும்பி வந்தது. ஊர்ப்புற லேத்துப் பட்டறைகளில் தேய்ந்த அச்சுகளுக்குப் புதிய அச்சுகள் கடையப்பட்டன. உருகிய வெள்ளை உலோகத்தை வார்த்துப் பேரிங்குகளைப் புதுப்பித்தனர். இவ்வளவும் செய்தும் பெட்ரோல் செலவைத் தாங்க முடியவில்லை. காலனுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் ஓடும் எட்டு சிலிண்டர் எஞ்சினை யார் வளர்ப்பது? ஆகவே பலர் அந்த எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, சிம்ப்சன் நிறுவனம் 1950-களில் செய்யத் தொடங்கிய பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைப் பூட்டினர். ஓசையின்றிச் சென்ற வண்டி லாரிபோல் அதிர்ந்தது. கழற்றிய எஞ்சின்கள் பெரும்பாலும் எடைக்குப் போயின.

இன்று வில்லியனூரிலோ பாகூரிலோ ஒருவர் தம் கொட்டகையில் கிடக்கும் பழைய அமெரிக்கக் காரைச் செப்பனிட முற்பட்டால் எவற்றை எதிர்கொள்வார்? முதற் பகை உப்புக் காற்று. வங்கக் கடல் தொலைவில் இல்லை; வடகிழக்குப் பருவமழையின் ஈரம் கதவின் அடியிலும் தரைத் தகட்டிலும் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். மேலே வண்ணம் பளபளக்கும். விரலால் அழுத்தினால் தகடு உதிரும். இரண்டாம் பகை கறையான். 1930-களின் நடுப்பகுதிவரை அமெரிக்கக் கார்கள் பலவற்றின் தகட்டுக்கு அடியில் மரச்சட்டம் இருந்தது. அதைப் புதுக்குவதற்கு மோட்டார் மெக்கானிக் போதாது. மூட்டறிந்த தச்சர் வேண்டும். வில்லியனூர்த் தேரைப் போன்ற பெருந்தேர்களில் பழுதான மரத்தை மட்டும் எடுத்து, அதே அளவில் புதியதை இறக்கும் தச்சரின் கணக்கு இங்கே அப்படியே பயன்படும்.

இறுகிப்போன எஞ்சினை வலிந்து சுழற்றலாகாது. பிளக்கின் துளைகளில் எண்ணெய் ஊற்றிப் பல நாள் ஊறவிட்டுப் பிறகே கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் காரின் ஆணிகள் அங்குல அளவின. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். நம் கையிலுள்ள 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் நுழையும், பிடிப்பது போலவும் தோன்றும். இரண்டு திருப்பில் ஆணியின் முனைகள் மழுங்கிவிடும். அக்காலக் கார்களில் பெரும்பாலானவற்றின் மின்சாரம் 6 வோல்ட். பக்கார்டு போன்ற சிலவற்றில் பாட்டரியின் நேர்முனையே சட்டத்தோடு இணையும். வழக்கம்போல் எதிர்முனையை இணைப்பவர் டைனமோவைக் கெடுப்பார்.

இவையெல்லாம் பொறுமையால் தீரும். பொறுமையால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. 2021-ஆம் ஆண்டில் இந்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 'விஏ' என்னும் எழுத்துகளோடு பதிவெண் உண்டு, கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். நாள்தோறும் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. ஆனால் வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்திருக்கக்கூடாது என்கிறது விதி. அப்படியானால் டீசல் எஞ்சின் பூண்ட கார் எங்கே நிற்கும்?

போருக்கு முற்பட்ட கேடில்லாக் கார்களில் எஞ்சின் எண்ணே வண்டியின் அடையாள எண். அதுவே சட்டத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் போனால் பெயரே பாதி போயிற்று. விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. போலிகளைத் தடுக்க வேண்டும். ஆயினும் அந்த டீசல் எஞ்சினும் நம் நாட்டின் வரலாறுதான் என்று நான் கருதுகிறேன். 1954-க்குப் பின் இந்தக் கார் சாகாமல் இருந்தது அதனால் அல்லவா? மூல எஞ்சினைத் தேடிப் பூட்டுவோர் பூட்டட்டும். கழற்றும் டீசல் எஞ்சினை எடைக்குப் போடாமல், அதன் எண்ணையும் குறித்துக் காருடனே வைப்பது நேர்மை.

பாகூரில் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு கல்விக்கூடம் இருந்தது. அதற்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டன. இதை நாம் அறிவது நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேடுகளில் அது பொறிக்கப்பட்டிருப்பதால். காருக்கும் அத்தகைய பொறிப்பு உண்டு. பியூக், கேடில்லாக் போன்ற கார்களில் எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள தகட்டில் பிஷர் கம்பெனியின் சிறு பட்டயம் அறையப்பட்டிருக்கும். உடலின் வகை, வண்ணம், உள்விரிப்பு ஆகியவற்றின் எண்கள் அதில் உண்டு. சுரண்டும் தாளைக் கையிலெடுக்கும் முன் அதைத் தேடுங்கள். கல்வெட்டு ஆய்வாளர் மசிப்படி எடுப்பதுபோல், மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். சட்டத்தில் உள்ள எண்ணையும் அவ்வாறே எடுங்கள். துரு நீக்கும் அமிலத்தை அதன் பிறகு தடவலாம்.