ஜெனரல் ஹோபாட்டின் டாங்கிகள்

1940ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் சிப்பிங் கம்ப்டன் என்னும் சிற்றூரில் ஊர்க்காவற்படை திரட்டப்பட்டது. அதிற் சேர்ந்தோருள் ஐம்பத்தைந்து வயதினர் ஒருவருக்கு லான்ஸ் கோப்பிரல் என்னும் சிறு பதவி கிடைத்தது. சில மாதங்களுக்கு முன்னர் அவர் மேஜர் ஜெனரல். எகிப்திலே ஒரு கவசப்படைப் பிரிவையே உருவாக்கியவர். அவர் பெயர் பேர்சி ஹோபாட்.

ஹோபாட் 1885இல் இந்தியாவின் நைனிதாலிற் பிறந்தவர். 1904இல் பொறியியற் படையிற் சேர்ந்தவர். முதலாம் உலக யுத்தத்தில், 1915இல் பிரான்சிலே நெவ் சப்பேற் போர்க்களத்தில் இராணுவச் சிலுவை பெற்றார். அடுத்த ஆண்டு மெசப்பொத்தேமியாவிற் சிறப்புச் சேவை விருதும் பெற்றார். 1918இல் அவர் சென்ற விமானம் சுடப்பட்டு வீழ, துருக்கியர் கையிற் கைதியானார். கவசக் கார்கள் சில பாலைவழியே விரைந்து துரத்திச் சென்று அவரை மீட்டுவந்தன. ஐந்தாண்டுகளின் பின் அவர் டாங்கிப் படைக்கு மாறினார்.

குதிரைப்படையின் பெருமை மங்காதிருந்த காலம் அது. டாங்கி காலாளுக்குப் பின்னே ஊர்ந்து செல்லும் துணைக்கருவி என்றே பலர் எண்ணினர். அவ்வாறன்று, டாங்கிகள் தாமே திரண்டு விரைந்து பகைவனின் பின்புறத்தைத் தாக்கவல்லன என்று ஹோபாட் வாதித்தார். 1934இல் முதலாவது டாங்கிப் படையணியின் தலைவராகிப் பயிற்சிக் களத்தில் அதனைச் செய்தும் காட்டினார். ஆனால் அவர் நாவு கூரியது. மேலோருடன் இணங்கிப்போகும் இயல்பு அவரிடம் இல்லை. இப்பகையை வளர்த்ததில் அவருக்கும் பங்குண்டு. 1938இல் எகிப்தில் அவர் திரட்டிய படையை நடமாடும் கேலிக்கூத்து என்று நகைத்தனர். 1939 இறுதியில் அவர் பதவி பறிக்கப்பட்டது. நகைக்கப்பட்ட அப்படையே ஏழாவது கவசப்படைப் பிரிவாகி, 1941 பெப்ரவரியில் பேடா பொம்மில் இத்தாலியரின் பத்தாவது சேனையை வழிமறித்துச் சரணடையச் செய்தது. அப்போது ஹோபாட் அங்கு இல்லை.

அவரை மீண்டும் அழைப்பித்தவர் பிரதமர் சேர்ச்சில். எவருடைய வெறுப்பையும் சம்பாதியாதவர்களையே தேடிக்கொண்டிருக்க இது காலமன்று என்பது சேர்ச்சிலின் வாதம். ஹோபாட் பதினோராவது கவசப்படைப் பிரிவை உருவாக்கினார். பின்னர் எழுபத்தொன்பதாவது பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டின் சின்னத்திலும் கருங்காளையே இடம்பெற்றது, மனிதரின் குணத்திற்குப் பொருத்தமாகவே.

1942 ஓகஸ்ட்டில் டியெப் கரையில் இறங்கிய கனேடியரின் டாங்கிகள் பரற்கற்களிலே சிக்கிக் கடற்சுவரைத் தாண்ட மாட்டாது நின்றன. காலாட்கள் குவியலாக மடிந்தனர். கரையிலே வழிதிறக்கும் டாங்கிகள் வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1943இல் படைத்தலைமை அதிகாரி அலன் புரூக் அப்பொறுப்பை ஹோபாட்டிடம் அளித்தார். சுழலும் உருளையிற் சங்கிலிகளைப் பிணைத்துக் கண்ணிவெடிகளை அடித்து வெடிக்கச் செய்யும் டாங்கி, கிடங்குகளை விறகுக் கட்டுகளால் நிரப்பும் டாங்கி, சேற்று மணலிலே கித்தான் பாய் விரிக்கும் டாங்கி, தீயுமிழும் டாங்கி, கித்தான் திரையால் மிதந்து நீந்தும் டாங்கி எனப் பலவகை ஊர்திகள் அணிதிரண்டன. எல்லாம் அவர் கண்டுபிடித்தவையல்ல. பிறருடைய யோசனைகளைச் சோதித்து, வீரரைப் பயிற்றிக் களத்துக்கு உரியவையாக்கியதே அவர் தொண்டு.

1944 ஜூன் 6இல் நோர்மண்டியில் பிரித்தானியரும் கனேடியரும் இறங்கிய கரைகளில் இவை வழிதிறந்தன. அமெரிக்கர் நீந்தும் டாங்கியை மாத்திரமே ஏற்றனர். அவர்களுடைய ஓமகா கரையின் பேரிழப்புக்கு அதுவே காரணம் என்பாருளர். அது முழு உண்மையன்று. அங்கு ஒரு டாங்கிப் படையணி கொந்தளித்த கடலிலே, கரைக்குத் தொலைவில், நீந்தவிட்ட 29 டாங்கிகளில் 27 மூழ்கின. ஹோபாட்டின் கருவிகளும் கடலுக்குக் கட்டுப்பட்டனவே. எனினும் கண்ணிவெடி அகற்றும் டாங்கிகள் அங்கும் இருந்திருப்பின், வெறுங்கையால் வெடிகளை அகற்றிய பொறியியற் படையினர் பலர் பிழைத்திருத்தல் கூடும்.

1943இல் சேர் பட்டமும், பின்னர் அமெரிக்காவின் லீஜன் ஒஃப் மெரிட் விருதும் ஹோபாட்டை அடைந்தன. அவருடைய படைப்பிரிவு 1945 ஓகஸ்ட்டிற் கலைக்கப்பட்டது. முதிய போர்வீரர் வாழும் செல்சி றோயல் இல்லத்தின் துணை ஆளுநராக 1948 முதல் 1953 வரை பணியாற்றிய அவர், 1957 பெப்ரவரியிற் காலமானார்.