பன்னிரண்டு கோரிக்கைகளும் ஒரு சைக்கிளும்

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் முன்வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளை ஆங்கில வரலாற்று நூல்களில்தான் முதலில் வாசித்தேன். நண்பர்களின் வாசிப்புக் கூட்டத்துக்காக அவற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது ஒரு கோரிக்கையில் கை நின்றுவிட்டது. ஐரோப்பிய நிர்வாகிகள், ஆசிய அலுவலர்கள் முன்னால் தொழிலாளர்கள் சைக்கிளில் ஏறிச் செல்ல அனுமதிக்க வேண்டும் என்பது அது. சம்பளம், மருத்துவம், கல்விக்கு நடுவே சைக்கிளா? பட்டியலின் கனம் குறைவதுபோல் பட்டது. ‘தொழிலாளரின் சுயமரியாதை காக்கப்பட வேண்டும்’ என்று மாற்றி எழுதிவிட்டேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் பாட்டிக்கு அதை வாசித்துக் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு. என்னா கேக்குறாங்க அதுல?” என்றார். மூலத்தில் இருந்ததைச் சொன்னேன். “ஆமாய்யா, தொர எதுக்க வந்தா சைக்கிள வுட்டு எறங்கி ஓரமா நிக்கணும். எங்கப்பா நின்னுருக்காரு” என்றார்.

நான் அழித்த வரி எது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்தப் போராட்டத்தின் பின்னணி சுருக்கமாக இது. போர்க்காலத்தில் ரப்பருக்குக் கிராக்கி. விலைவாசியும் ஏறியது. ஆனால் தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி 50 காசைச் சுற்றியே இருந்தது. சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதல். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் இதைக் கையில் எடுத்தது. அதன் செயலாளர் ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றியவர். எழுத்தைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் அந்த இயக்கத்தின் நடுவில் இருந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பட்டியலை மறுபடி வாசித்தேன்.

சீனருக்கு இணையான சம்பளம். பிள்ளைகளுக்கு முறையான கல்வி. பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல். கள்ளுக்கடைகளை மூடுதல். உறவினர்கள் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோதல். பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலையை ஒழித்தல். குறைகளைச் சொன்னவர்களைப் பழிவாங்காதிருத்தல். சங்கம் அமைக்க அனுமதி. ஒவ்வொன்றும் நாளை காலையே செய்யக்கூடியது. செய்தார்களா இல்லையா என்பதையும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அன்றைய மனுக்களின் நடை வேறு. ‘கனம் பொருந்திய துரையவர்கள் சமூகத்துக்கு’ என்று தொடங்கி, கருணை காட்டும்படி கெஞ்சி முடியும். இன்ன காரியம் வேண்டும் என்பது நடுவில் எங்கோ புதைந்து கிடக்கும். கிள்ளான் பட்டியலுக்கு இரண்டு வாசகர்கள் இருந்தார்கள். ஒருவர் துரை. மற்றவர், எழுதப் படிக்கத் தெரியாமல் பிறர் வாசிக்கக் கேட்ட பால்மரத் தொழிலாளி. ‘சுயமரியாதை’ என்று எழுதியிருந்தால் துரை, “நாங்கள் மரியாதையாகத்தானே நடத்துகிறோம்” என்று சொல்லி நழுவியிருக்கலாம். சைக்கிளில் அப்படி நழுவ முடியாது. கேட்டுக்கொண்டிருந்த தொழிலாளிக்கோ அது அன்று காலை தனக்கு நடந்த விஷயம்.

தெளிவாக எழுதியதால் அவர்கள் வென்றுவிடவில்லை. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டார்கள்; வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பல தோட்டங்களுக்குப் பரவியது. மாத நடுவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு ராணுவம் இறங்கியது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்க, எல்லாமே வேறு திசைக்குப் போனது.

இருந்தும் அந்தச் சைக்கிள் வரி அழியவில்லை. தோட்டத்து மண்சாலையில் யார் ஏறிப் போகலாம், யார் இறங்கி நிற்க வேண்டும் என்பதை எனக்கு அது காட்டியதுபோல் வேறெந்த ஆய்வுக் கட்டுரையும் காட்டவில்லை.

நம் சமூகப் பிரச்சினைகளைப் பற்றி எழுதும்போது அடையாளம், விளிம்புநிலை, உரிமை என்று நானும் எளிதாகப் பெரிய சொற்களுக்குத் தாவிவிடுகிறேன். அவை தவறான சொற்கள் அல்ல. ஆனால் யாருக்காக எழுதுகிறேனோ அவரிடம் வாசித்துக் காட்டினால், “என்னா கேக்குறாங்க அதுல?” என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறதா?

கூட்டத்துக்கு முந்தைய இரவு என் வரியை அடித்துவிட்டுச் சைக்கிளைத் திரும்ப எழுதினேன்.