மௌனம் என்னும் மறுப்புரிமை: நீதிபதி நியமனமும் பெங்களூரு வழக்கும்

பெங்களூரில் அம்பேத்கர் வீதியின் ஒருபுறம் விதான சௌதா. எதிரே, அட்டாரா கச்சேரியின் செந்நிறக் கட்டடத்தில் உயர் நீதிமன்றம். அதிகாரப் பிரிவினையைப் பாடம் நடத்த வாகான காட்சிதான். ஆனால் அந்த நீதிமன்றத்தில் யார் அமர்வது என்பது தில்லியில் முடிவாகிறது.

அரசமைப்பின் 217ஆம் உறுப்பு கேட்பது கலந்தாலோசனையை மட்டுமே. இந்தியத் தலைமை நீதிபதியின் இசைவைக் கட்டாயமாக்கும் யோசனையை அம்பேத்கர் 1949 மே மாதம் ஏற்கவில்லை. தலைமை நீதிபதியும் நம்மைப் போலக் குறைகளுள்ள மனிதரே என்றார். 1993இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மையாக, கலந்தாலோசனையை ஏறத்தாழ இசைவாகவே படித்தது; பெயர்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் இப்படித்தான் வந்தது. அதை மாற்ற வந்த 99ஆம் அரசமைப்புத் திருத்தம் 2015 அக்டோபரில் அதே நீதிமன்றத்தில் 4:1 என வீழ்ந்தது. இத்தனை விவாதமும் கடைசிச் சொல் யாருக்கு என்பதையே சுற்றியது. கடைசிச் சொல்லைத் தனதாக்கிக்கொண்ட நீதிமன்றம், அரசு அதை நிறைவேற்ற நீண்டகாலம் நாள் குறிக்கவில்லை என்பதே என் குறை. மறுப்பதானால் அரசு காரணம் எழுத வேண்டும். சும்மா இருப்பதற்கு எதுவும் எழுத வேண்டாம்.

கர்நாடகம் இதற்கு நல்ல சான்று. மாவட்ட நீதிபதி பி. கிருஷ்ண பட்டின் பெயரைக் கொலீஜியம் 2016இல் பரிந்துரைத்து, 2017இல் வலியுறுத்தியது. அதன் பிறகும் மத்திய அரசு, உச்ச நீதிமன்றத்தைத் தாண்டி, கர்நாடகத் தலைமை நீதிபதிக்கு நேராக எழுதியது. 2018 மார்ச்சில் அதைக் கண்டித்துக் கடிதம் எழுதியவர் நீதிபதி செலமேஸ்வர். 2015இல் கொலீஜியத்துக்கு எதிராக விழுந்த ஒற்றை வாக்கும் அவருடையதே! பட் பதவியேற்றது 2020இல். மூத்த வழக்கறிஞர் ஆதித்ய சோந்தி அவ்வளவு காத்திருக்கவில்லை. 2021இல் இருமுறை பரிந்துரைக்கப்பட்டும் நியமனம் வராததால், 2022 பிப்ரவரியில் தம் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார்.

கொலீஜியம் தந்த ஒரே பட்டியலில் அரசு சிலரை நியமித்துச் சிலரை நிறுத்திவைப்பது இன்னும் நுட்பமானது. பதவியேற்கும் நாளே பணிமூப்பைத் தீர்மானிப்பதால், பிற்காலத் தலைமை நீதிபதி யார் என்பதையும் இந்தத் தாமதம் சத்தமின்றி எழுதிவிடுகிறது.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருவழியாகக் கெடு வைத்தது: வலியுறுத்திய பெயருக்கு 3 முதல் 4 வாரங்களில் நியமனம். அது மீறப்பட்டதாகப் பெங்களூரு வழக்கறிஞர் சங்கம் அவமதிப்பு மனு தொடுத்தது. பெயர்களை நிறுத்திவைப்பது உரியவர்களை விலகச் செய்யும் உத்தியாகிவருகிறது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கௌல், ஓகா அமர்வு எழுதி, நோட்டீஸ் அனுப்பியது. அதற்கு மேல் செல்ல நீதிமன்றம் தயங்கியது. ஒரு சொல்லுக்குள் ஒரு முழு அமைப்பையே படித்தெடுத்தவர்களுக்கு, தாம் வைத்த கெடுவை நிறைவேற்றும் துணிவு வரவில்லை.

2023 டிசம்பர் 5 அன்று அந்த வழக்கு விசாரணைப் பட்டியலில் இல்லை. வழக்கறிஞர்கள் கேட்டபோது, தாம் நீக்கவில்லை என்றார் கௌல். அம்மாதம் 25ஆம் தேதி ஓய்வு பெற்றார்.