குழாயைப் பாக்காதீங்க, ஊசியைப் பாருங்க

1/ அம்பத்தூர்ல இன்னும் சில வீட்டுப் பரண்ல தாத்தா காலத்து இசைத்தட்டு தூங்குது. அதைக் கேக்க, பளபளன்னு பித்தளைக் குழாய் வச்ச கிராமபோன் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க.

2/ 1906-ல அமெரிக்காவோட விக்டர் கம்பெனி, ஹால்ல குழாய் நீட்டிக்கிட்டிருந்தா நல்லால்லன்னு அதை மரப்பெட்டிக்குள்ள மறைச்சு, விக்ட்ரோலான்னு வித்தாங்க. இன்னிக்கு அதே குழாய்தான் அழகு!

3/ 1930-கள்ல மெட்ராஸ் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மாதிரி கடைங்க வெளியிட்ட தட்டு, அரக்கும் கல்பொடியும் கலந்தது. எஃகு ஊசியையே தேய்ச்சிடும். அதனால ஒரு பக்கத்துக்கு ஒரு புது ஊசி. எங்க ஆஸ்பத்திரி விதிதான்.

4/ 1948-க்கு அப்புறம் வந்த எல்.பி. தட்டு வினைல், மென்மையானது. அதுல அந்த எஃகு ஊசியை வச்சா பாட்டையே சுரண்டிடும். அதுக்கு வைர ஊசி, சுமார் 2 கிராம் அழுத்தம் போதும்.

5/ கடையில முதல்ல ஊசியையும் அழுத்தத்தையும் கேளுங்க. அழகு அப்புறம். சுரண்டின தாத்தா தட்டுக்கு வைத்தியம் கிடையாது.