சுட முடியாத இரும்பு

சென்ற வாரம் அமெரிக்காவில் படிக்கும் என் பேரன் போனில் பேசும்போது ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, நீங்க கலெக்டர் ஆபீஸ்ல துப்பாக்கி லைசென்ஸ் பிரிவுல இருந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. துப்பாக்கியோட ஒரு பாகத்தை மட்டும் ஒருத்தர் வீட்டுல வச்சிருந்தா அது துப்பாக்கியா, இல்லையா?" அவன் வகுப்பில் அதைப் பற்றி விவாதம் நடந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை முப்பது வருடத்துக்கு முன்பு என் தாய்மாமா என்னிடம் கோபமாகக் கேட்டிருக்கிறார்.

என் அம்மாவின் ஊர் சிறுமலை அடிவாரம். தாத்தாவுக்கு அங்கே மூன்று ஏக்கர் கடலைக்காடு. கடலை காய் பிடிக்கும் நேரத்தில் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கிவிடும். ஒரே ராத்திரியில் உழவு ஓட்டினது மாதிரி நிலத்தைக் கிளறிப் போட்டுவிடும். அதற்காகத் தாத்தா லைசென்ஸ் வாங்கி ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். குழல் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டு, குத்துக்கோலால் இடித்துக் கெட்டிக்கும் பழைய ரகம். ஒரு தடவை வெடித்துவிட்டால் மறுபடி கெட்டிப்பதற்குள் பன்றி அடுத்த ஊருக்கே போயிருக்கும். பெரும்பாலும் அவர் வானத்தைப் பார்த்துத்தான் வெடிப்பார். சத்தம்தான் வேலை செய்யும்.

நம் பகுதிக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு பழையது. 1755இல் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பியது. அவர் இங்கே இருந்த காலத்தில்தான் பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஓர் ஆயுதச் சாலையை ஏற்படுத்தினார். திருச்சி, புதுச்சேரிப் பக்கமிருந்தெல்லாம் கைதேர்ந்த தொழிலாளிகள் வந்தார்கள். பின்னாளில் வெள்ளைக்காரனை நடுங்க வைத்த மைசூர்ப் படைக்கு அஸ்திவாரம் போட்டதில் நம் மலைக்கோட்டைக்கும் பங்கு உண்டு. 1790இல் கோட்டை கம்பெனியார் கைக்குப் போனது. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமையே அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது.

அடுத்த பத்து வருடம் பாளையக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து விருப்பாட்சி கோபால நாயக்கர் திண்டுக்கல் பாளையங்களை ஒன்று சேர்த்தார். 1801இல் அவரைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். திண்டுக்கல் கோபாலசமுத்திரம் கரையில்தான் தூக்கிலிட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே வருடம் டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தெற்குச் சீமையில் கோட்டைகளை இடிக்க வேண்டும், பாளையக்காரர்களும் குடிகளும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு. நம் பக்கத்தில் ஆயுதக் கட்டுப்பாடு அங்கே தொடங்குகிறது என்று சொல்லலாம். ஜனங்களின் பாதுகாப்புக்காக வந்த கட்டுப்பாடு அல்ல அது. ஜனங்களைப் பார்த்துப் பயந்து வந்தது.

1857க்குப் பிறகு அந்தப் பயம் நாடு முழுவதற்கும் பரவியது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். இந்த ஓரவஞ்சனையைக் காங்கிரஸ் தன் ஆரம்ப காலத்திலிருந்தே எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அகிம்சை பேசிய காந்திஜியே 1918இல் முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்கும்போது, ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம் வெள்ளையர் ஆட்சியின் பெருங்கறை என்ற பொருளில் எழுதினார். குடகுக்காரர்களுக்கு மட்டும் 19ஆம் நூற்றாண்டிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அது தொடர்கிறது. 2019இல் மத்திய அரசு அதை மேலும் 10 வருடத்துக்கு, 2029 வரைக்கும் நீட்டித்தது.

சுதந்திரம் வந்ததும் இந்தப் பேச்சு அரசியல் நிர்ணய சபைக்குப் போனது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அடிப்படை உரிமையில் சேர்க்க வேண்டும் என்று எச்.வி. காமத் 1948 டிசம்பரில் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. எல்லோருக்கும் கட்டுப்பாடின்றி அப்படி ஓர் உரிமையைக் கொடுத்துவிட முடியாது என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. அன்று அது ஜெயித்திருந்தால் இன்றைக்கு நாமும் அமெரிக்கா மாதிரி ஆகியிருப்போமோ என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

பிறகு 1959இல் நம் சொந்த ஆயுதச் சட்டம் வந்தது. அதில் விவசாயியை மறக்கவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கத் தனியாகவே இடம் வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் லைசென்ஸ் அந்த வகைதான். மாவட்டம் பிரியாத காலம் என்பதால் அந்தப் புத்தகத்தில் மதுரை மாவட்ட முத்திரை இருக்கும். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15இல்தானே.

தாத்தா 1978இல் தவறிப்போனார். மாமா துப்பாக்கியையும் லைசென்ஸையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

1991இல் எனக்கு லைசென்ஸ் பிரிவு கிடைத்தது. புதிய பிரிவு என்றால் சட்டத்தை முதலில் படித்துவிடுவது என் பழக்கம். முதல் பக்கங்களிலேயே தூக்கிவாரிப் போட்டது. துப்பாக்கி என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும்கூடத் துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று எழுதியிருந்தது. எனக்கு உடனே மாமா வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. தாத்தா முன்பு வைத்திருந்த இன்னொரு துப்பாக்கியின் குழல் ஒன்று அங்கே கிடந்தது. கட்டை இல்லை, விசை இல்லை, துருப்பிடித்த வெறும் குழல். சின்ன வயதில் அதை எடுத்து ஊதி விளையாடியிருக்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ச் சொன்னேன். மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஏன்டா மாப்ளே, சுடவே முடியாத இரும்புக்கு என்னடா சட்டம்? எங்கப்பா ஞாபகமா அது ஒண்ணுதான் இருக்கு. உன் ஆபீஸ் புத்தியை எங்கிட்ட காட்டாத."

"கட்டையும் விசையும் சேர்த்தா சுடும்ல மாமா?"

"நான் சேர்க்கப் போறேனா?"

"நீங்க சேர்க்க மாட்டீங்க. உங்களுக்கப்புறம் யார் கையில போகும்னு தெரியுமா?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வருடத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. அம்மாவுக்கு என்மேல் வருத்தம். "ஒரு துருப்பிடிச்ச குழாய்க்காக அண்ணனைப் பகைச்சுக்கிட்டியே" என்றார்.

நான் பிடிவாதமாக இருந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. தாடிக்கொம்பில் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்த நண்பன் ஒருவன் முயல் வேட்டைக்காக யாரோ செய்து கொடுத்த கள்ளத் துப்பாக்கியை வாங்கினான். ஒரு நாள் அது முன்பக்கம் வெடிக்காமல் பின்பக்கம் வெடித்தது. வலது கண் போய்விட்டது. லைசென்ஸ் இல்லாததால் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லக்கூடப் பயந்து, பட்டாசு வெடித்தது என்று சொன்னான். சோதனை செய்யாத, எண் குத்தாத, யார் செய்தார் என்றே தெரியாத ஆயுதம் எதிரே நிற்பவனுக்கு மட்டும் ஆபத்து இல்லை. பிடித்திருப்பவனுக்கும் ஆபத்து.

அமெரிக்காவில் நடந்ததும் ஏறக்குறைய இதே வழக்குதான். அங்கே எண்பது சதவீதம் முடிந்த துப்பாக்கிச் சட்டங்களைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்கியவர் வீட்டில் மீதி வேலையை முடித்துக்கொள்வார். அது இன்னும் துப்பாக்கி ஆகவில்லை என்று சொல்லி, வரிசை எண்ணும் கிடையாது, வாங்குபவரைப் பற்றிய விசாரணையும் கிடையாது. குற்றம் நடந்த இடத்தில் அப்படி ஒரு துப்பாக்கி கிடைத்தால் யாருடையது என்று போலீசாரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் அதற்குப் பேய்த் துப்பாக்கி என்றே பெயர் வைத்தார்கள். 2021 மே மாதம் அந்த நாட்டு மத்திய அரசு ஒரு விதியை முன்மொழிந்தது. எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய பாகத்தையும், பெட்டியில் வரும் தொகுப்பையும் துப்பாக்கியாகவே கருத வேண்டும் என்றது அது. 2022 ஆகஸ்டில் விதி நடைமுறைக்கு வந்தது. வழக்குகள் போட்டார்கள். 2025 மார்ச் 26 அன்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் விதி செல்லும் என்றது. பாகங்களாகப் பெட்டியில் வரும் மேசையையும் நாம் மேசை என்றுதானே சொல்கிறோம் என்ற பொருளில் தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். மாமா உயிரோடு இருந்திருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன்.

ஜப்பானில் கட்டுப்பாடு நம்மைவிடக் கடுமை. அங்கேயும் 2022 ஜூலை 8 அன்று முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே நாரா நகரத்தில் கொல்லப்பட்டது வீட்டில் செய்த துப்பாக்கியால்தான். எவ்வளவு இறுக்கினாலும் ஓர் ஓட்டை இருக்கத்தான் செய்யும். ஆனால் ஓட்டை இருக்கிறது என்பதற்காகக் கதவையே கழற்றிவிட முடியாது. பூட்டுக்குப் பெயர்போன ஊர்க்காரர்களான நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் நாட்டில் 2019இல் சட்டத்தை மேலும் இறுக்கினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஆனாலும் மலையடிவாரங்களில் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தி பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கிறது. பிடிபடுகிறவர்களில் சமூக விரோதிகளும் உண்டு, பயிரைப் பன்றியிடம் பறிகொடுத்தவர்களும் உண்டு. லைசென்ஸ் பிரிவில் இருந்தபோது இரண்டாவது வகை ஆட்களை நான் நிறையப் பார்த்தேன். புதுப்பிக்கப் பத்துத் தடவை அலைந்து, கடைசியில் "போதும் சாமி" என்று துப்பாக்கியையே ஒப்படைத்தவர்கள் உண்டு. அதில் என் மேசையும் ஒரு காரணம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நேர்வழியை அரசாங்கம் சுற்றுவழியாக்கிவிட்டால் ஜனங்கள் குறுக்குவழியில்தான் போவார்கள்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாடு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதைத் தாண்டி வந்தால் வனத்துறையே சுடும். விவசாயி கையில் துப்பாக்கி தேவைப்படாமல் செய்வதுதான் சரியான வழி என்று எனக்குப் படுகிறது. ஆனால் கூப்பிட்ட நேரத்துக்கு வனத்துறை வர வேண்டும். கடலை விளையும் வரை பன்றி காத்திருக்காது.

மாமா கதையை முடித்துவிடுகிறேன். அடுத்த பொங்கலுக்கு முன்னால் ஒரு காலை அவரே அகரத்துக்கு வந்தார். கையில் பழைய வேட்டியில் சுற்றிய நீளமான பொட்டலம். "வாடா மாப்ளே, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றார். வைத்திருப்பது சட்டப்படி ஆகாது என்று தெரிந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கினோம். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் சொன்னார். முந்தின வாரம் அவருடைய பேரன் பரணில் ஏறி அந்தக் குழலை எடுத்து, தம்பியின் நெற்றியில் வைத்து "டுமீல்" என்று விளையாடினானாம்.

"சுட முடியாத இரும்புதான். ஆனாலும் எனக்கு நெஞ்சு நின்னு போச்சுடா" என்றார்.

பேரனுக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன். குழலைச் சுற்றி வந்த அந்த வேட்டியை மாமா மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோனார். 2004இல் அவர் இறந்த பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது அது மடித்து வைத்தபடி இருந்தது. நடுவில் மட்டும் நீளமாகத் துருக்கறை.