தத்துவ போதகர் நடந்த வழி



நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும்போது கொல்லிமலை நம் கண்ணுக்குத் தெரியும். ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன், 1623இல், துறவுக்கோலம் பூண்ட ஒரு குருவானவர் மதுரையிலிருந்து திருச்சி வழியாக இந்தச் சேந்தமங்கலத்துக்கு வந்தார். பின்பு சேலம் சென்றார். அவர் இத்தாலியில் 1577இல் பிறந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி. தமிழ் மக்கள் அறிந்த பெயர் தத்துவ போதகர்.

போதகர் என்றால் கற்பிக்கிறவர். ஆனால் அவர் முதலில் மாணவராக அமர்ந்தார். 1606இல் மதுரை வந்து தமிழைக் கற்றுத் தேர்ந்தார். சிவதர்மர் என்னும் அறிஞரிடம் வடமொழி பயின்றார். அதன் பிறகே 'ஞானோபதேசம்' போன்ற நூல்களைத் தமிழ் உரைநடையில் எழுதினார். கோவில், அருள், குரு, பூசை என நாம் இன்று இயல்பாகச் சொல்லும் சொற்களைத் திருச்சபையின் வழக்கில் கொண்டுவந்தவர்களில் அவர் முதன்மையானவர்.

இதற்காக உடன் குருக்களே அவர்மீது குற்றம் சாட்டினார்கள். வழக்கு உரோமை வரை சென்றது. 1623 ஜனவரியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவருடைய வழிமுறைக்கு இசைவு தந்தார். அதே ஆண்டில்தான் அவர் நம் பகுதிக்கு வந்தார். ஆட்சியை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் அவர் வழியாகத் திருமுழுக்குப் பெற்றார். சேலத்திலும் மோரமங்கலத்திலும் விசுவாசிகளின் சிறு கூட்டம் உருவானது.

ஆனாலும் ஓர் உண்மையை நாம் மறைக்கக் கூடாது. பூணூல், குடுமி முதலியவற்றைச் சமூக வழக்கம் என்று ஏற்ற அவர், சாதிப் பிரிவையும் அவ்வாறே விட்டுவைத்தார். உயர்ந்தவர் எனப்பட்டோரை அணுக, மற்றவர்களிடமிருந்து விலகி வாழ்ந்தார். பிற மக்களுக்கெனப் பண்டார சுவாமிகள் என்ற குருக்கள் 1640இல்தான் புறப்பட்டார்கள். அன்று விட்ட பிரிவு இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் வரை வருகிறதே! அதற்கு அவரை மட்டும் குறை சொல்லி நாம் தப்ப முடியுமா?

பார்வை மங்கிய முதுமையில், 1656இல், அவர் மயிலாப்பூரில் இறந்தார். அடுத்தவர் மொழியைப் பணிவோடு கற்கும் மனத்தை அவரிடமிருந்து பெறுவோம். அவர் தாண்டாத அந்தச் சுவரை நாம் தாண்டுவோம். நம் பங்கில் ஒரே பந்தி, ஒரே கல்லறை என்று வாழ இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.